பேர் இல்லாத டப்பாக்கள்

டேய் தம்பி,

எழுந்ததும் சமையலறைக்குப் போய் அலறாதே. எவர்சில்வர் டப்பாவுல இருந்த பேர்ச்சீட்டை எல்லாம் அக்காதான் உரிச்செடுத்தேன். உப்பு எது, சர்க்கரை எதுன்னு ஒவ்வொண்ணாத் திறந்து நக்கிப் பார்த்துக் கண்டுபிடி. எனக்குக் குலுக்கினாலே தெரியும்.

நேத்து என் கம்ப்யூட்டர்ல உங்க கம்பெனியோட புது ஆடியோ எடிட்டரைப் போட்டுக் கொடுத்தியே, "செம அழகா இருக்குக்கா"ன்னு. அழகு சோறு போடுமாடா? ஒரு பட்டனுக்கும் பேர் வைக்கலை. கண்ணு தெரியாத எனக்குத் திரையைப் படிச்சுச் சொல்ற குரல் "பட்டன், பட்டன், பட்டன்"னு மட்டும் ஒப்பிக்குது. குத்துமதிப்பா ஒண்ணை அமுக்கினேன். ரேடியோவுக்காக நான் வெட்டி ஒட்டி வெச்சிருந்த அரை மணி நேரப் பேட்டி போயே போச்சு. கண்ணைக் கட்டிக் காட்டுல விட்ட மாதிரின்னா என்னன்னு எனக்கே நேத்துதான் புரிஞ்சுது!

பழைய எடிட்டர் ஸ்டுடியோவுல இருக்கு, அங்க போறேன். அதை நீ எழுதினப்ப மானிட்டரை அணைச்சுட்டு, காதை மட்டும் நம்பி, பட்டன் பட்டனா நீயே சோதிச்சுப் பார்த்தே. அந்தத் தம்பி எங்கடா போனான்?

சாப்பாடு ஹாட்பாக்ஸ்ல இருக்கு. சாவி உன் ஷூவுக்குள்ள.

அக்கா

பி.கு: பிரிண்ட் கோணலா வந்திருந்தா தலையைச் சாய்ச்சுப் படி.

இன்னொண்ணு: "பட்டனுக்குப் பேரெல்லாம் அடுத்த அப்டேட்ல பார்த்துக்கலாம்"னு சொன்னாரே உன் மேனேஜர், அவர் நாலு மணிக்கு வர்றார். டீ நீயே போட்டுக் குடு. சர்க்கரை அடுத்த அப்டேட்ல வரும்னு சொல்லிடு.