சித்தப்பாவின் கிடாக்களும் உன் தங்கையின் பரிசோதனையும்

அன்பு மகனுக்கு, அம்மா எழுதுவது. இங்கே மூவரும் நலம். உன் இருமல் நின்றதென்று எழுதினால் இன்னும் நலம்.

போனில் சொன்னால் பாதியிலேயே அழுதுவிடுவேன், அதனால் எழுதுகிறேன். பயப்படாதே, பெருமைப்படும் சேதிதான். உன் சித்தப்பா பண்ணையில் போன மாதம் ஆடுகளுக்குக் காய்ச்சல், மூக்கில் சளி, வாயெல்லாம் புண். நாலைந்து செத்ததும் எல்லாரும் நீலநாக்கு நோய், பூச்சி கடித்து வருவது என்றார்கள். உன் தங்கைக்கு மனசு ஒப்பவில்லை. "கழிச்சலும் இருக்கும்மா, இது வேற" என்று கண்ணிலும் மூக்கிலும் பஞ்சுக்குச்சியால் ஒற்றி எடுத்துக்கொண்டு தான் வேலை பார்க்கும் கால்நடை ஆய்வகத்துக்கு ஓடினாள். ஆட்டுக்கொல்லி வைரஸ் என்று வந்தது. ஆட்டுக்கு ஆடு மூச்சிலேயே ஒட்டுமாம். உடனே, யார் கொண்டு வந்தது என்ற பேச்சு கிளம்பியது. ஏரிக்கரையில் பட்டி போட்டிருக்கும் மேய்ச்சல்காரர் வெளியூர்க்காரர், அவர் ஆடுகளுக்கும் அதே சளி, வாகாக அகப்பட்டார். சித்தப்பாவே முன்னால் நின்று "பட்டியைப் பிரிச்சுட்டுக் கிளம்புய்யா" என்று சத்தம் போட்டார். "அவர் கிளம்பினா நோயும் ஊர் ஊராப் போகும் சித்தப்பா" என்று இவள் தடுத்து, அவர் ஆடுகளிலும், சித்தப்பாவுக்குக் கிடா விற்ற சந்தை வியாபாரியின் கொட்டிலிலும் மாதிரி எடுத்தாள்.

வைரஸ் பெருகும்போது தன் மரபணுவை நகலெடுக்குமாம், அதில் சின்னச் சின்னப் பிழை விழுமாம். நான் ரவிக்கை அளவுக் காகிதத்தைப் பார்த்து இன்னொன்று வெட்டினால் பழைய கோணலும் வந்து புதிதாக ஒன்றும் சேருமே, அந்த மாதிரி என்றாள். வியாபாரி கொட்டிலில் இருந்த பிழைகள் சித்தப்பா ஆட்டில் அப்படியே இருந்தன, கூடுதலாக ஒன்று. மேய்ச்சல்காரர் ஆட்டில் அதுவும் இருந்தது, அதற்கு மேல் இன்னொன்றும். நோய் சித்தப்பா வாங்கிய கிடாக்களோடு வந்து, அவரிடமிருந்து அந்த மனிதருக்குப் போயிருக்கிறது!

அன்று இவள் சோற்றில் கை வைக்கவில்லை. "சித்தப்பா முகத்துல எப்படிம்மா முழிப்பேன்" என்றாள். நான் வாய் திறக்குமுன் எழுந்து, ஊருக்குச் சொல்லுமுன் அவரிடமே சொல்லப் போய்விட்டாள். அவர் கையிலிருந்த தீவனக் கூடையைக் கீழே வைத்துவிட்டு, "எல்லார் முன்னாடியும் சொல்லும்மா, நானும் பக்கத்துல நிக்கறேன்" என்றாராம். நின்றார். பால் சங்கக் கூட்டத்தில் இவள் பேசி முடித்ததும், மேய்ச்சல்காரர் கையைப் பிடித்து, "என் கிடா கொண்டு வந்தது, பழி உங்க மேல போட்டேன்" என்றார். பாதி மந்தையைப் பறிகொடுத்த உன் சித்தப்பாவுக்கு அந்தத் தைரியம்! நோய் தொடாத ஆடுகளுக்கெல்லாம் தடுப்பூசி போட்டாகிவிட்டது. ஏரிக்கரைப் பட்டியில் சித்தப்பாதான் ஆடுகளைப் பிடித்துக் கொடுத்தார். அதன் பிறகு எந்த ஆடும் நோயில் விழவில்லை.

சித்திக்குத்தான், ஊர் முன்னால் சொல்லிவிட்டாள் என்று இவள் மேல் கோபம், முகம் கொடுத்தே பேசவில்லை. இன்று காலை வாசலில் வந்து நின்றாள். "புதுசா ரெண்டு குட்டி வாங்கலாம்னு இருக்கோம், நம்ம பொண்ணு பார்த்து சரின்னு சொன்னாத்தான் கொட்டில்ல ஏத்துவேன்" என்றாள். உள்ளே தலை வாரிக்கொண்டிருந்தவள் சீப்போடு அப்படியே ஓடி வந்தாள்.

தங்கையோடு பேசு, கேலி பண்ணாதே. வேளைக்குச் சாப்பிடு. நோய்நொடியில்லாமல் நீ நன்றாக இருக்க வேண்டும், அதுவே எங்கள் ஆசி.

உன் அம்மா