இன்னும் இரண்டு வருஷம்

மரக்காணம்
12.2.2006

அன்பு அருக்காணிக்கு உன் புருஷன் காசிலிங்கம் எழுதுவது. நம் சந்தியா ஒன்பதாம் வகுப்பில் நன்றாகப் படிக்கிறாள். வாய் மட்டும் உன்னை மாதிரியே. உப்பளத்தில் பாத்தி மிதித்தாகிவிட்டது. எனக்கு இந்த வருஷம் உப்பு வாருகிற வேலை இல்லை, தண்ணீர் பார்க்கிற வேலை மட்டும்தான்.

மஸ்கட்டில் நீ வேலை செய்யும் வீட்டு அம்மா இன்னும் இரண்டு வருஷத்துக்குக் கையெழுத்துக் கேட்கிறாள், போடட்டுமா என்று போனில் கேட்டாய். தாராளமாகப் போடு என்றேன். வேறென்ன சொல்வது? பூத்துக்காரன் பக்கிரி காதை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். உன் குரலைக் கேட்டாலே சொல்ல வந்ததை விட்டுவிட்டு வேறெதையோ பேசிவிடுகிறேன். அதனால்தான் எழுதுகிறேன்.

ஐப்பசியில் எனக்கு நடந்த ஆபரேஷன் அல்சருக்கு இல்லை. கேன்சர். இரைப்பையில் முக்கால் பாகத்தை எடுத்துவிட்டார்கள். பாவி மறைத்துவிட்டானே என்று திட்டுவாய், திட்டு. அடுத்தவர் வீட்டில் அழுதுகொண்டே பாத்திரம் தேய்ப்பாயே என்றுதான் வாயை மூடிக்கொண்டேன்.

வெட்டின துண்டை ஆராய்ச்சிக்காகச் சோதிக்கட்டுமா என்று ஆபரேஷன் செய்த வைஜெயந்தி டாக்டர் கேட்டார், சரி என்றேன். போன வாரம் கூப்பிட்டு விவரம் சொன்னார். செல்லையும் செல்லையும் ஒட்டிப் பிடிக்கிற ஒரு புரதம் அதில் ரொம்பக் குறைவாம். பிடி விட்ட செல்கள் உடம்பில் வேறெங்காவது போய் உட்காருமாம். “இப்படி இருந்தவங்கள்ல பாதிப் பேருக்கு மேல ரெண்டு வருஷத்துக்குள்ள திரும்பி வந்திருக்குதுங்க. ஆனா உங்களுக்கு வரும்னு இத வெச்சி சொல்ல முடியாது” என்றார். எனக்கா புரியாது? பாத்தித் தண்ணீரில் மீட்டர் விட்டு உப்பு டிகிரி பார்த்து, இத்தனை நாளில் உப்பு இறங்கும் என்று நானும்தான் சொல்கிறேன். நடுவில் மழை வந்து எல்லாவற்றையும் கரைத்த வருஷமும் உண்டு. அப்படி ஒரு மழை வரட்டும் என்றுதான் இப்போது வேண்டிக்கொள்கிறேன்.

ஒன்றரை இட்லிக்கு மேல் இறங்கவில்லை. “இன்னும் ஒரு வாய் துண்ணுப்பா” என்று சந்தியா பக்கத்தில் நின்று மிரட்டுகிறாள். அவளுக்கும் விஷயம் தெரியாது. நீ வந்து சொன்னால் தாங்குவாள்.

நீ இல்லாமல் பழகிவிட்டது என்று பொங்கலன்று சொன்னேனே, அது சுத்தப் பொய். உன் பழைய புடவையை விரித்துத்தான் படுக்கிறேன். சிரிக்காதே. தெருவில் ஆட்டோ நின்றால் நீயோ என்று எழுந்துபோய்ப் பார்க்கிறேன்.

கையெழுத்துப் போடாதே அருக்காணி. எனக்கு இருப்பது இரண்டு வருஷமோ இருபது வருஷமோ, யாருக்கும் தெரியாது. எத்தனையானாலும் அதை அந்த அம்மாவுக்கு எழுதிக் கொடுத்துவிடாதே. அங்காளம்மன் உன்னை நல்லபடியாக வீட்டுக்குக் கொண்டுவந்து சேர்க்கட்டும்.

உன் வழி பார்த்திருக்கும்,
காசிலிங்கம்