கருங்கண்ணி ஏரி உடையவில்லை

நீர் நிலைக்க. நெல் விளைக. செம்பரல் நாடாளும் பேரரசி எழினியாரின் திருவாணை தாங்கிய கருங்கண்ணி ஏரிக்காவல் உலகன், புலிமடைப் பெருங்கல்விச்சாலைத் தலைவர் பொதியனார்க்கு விடுக்கும் ஓலை. தங்கள் சாலையும், அதில் ஓதும் இளையோரும், அவரைப் பெற்றோர் வயல்களும் நீடு வாழ்க. முதிர்ந்தபின் எழுத்துப் பழகிய மண்வெட்டிக் கையின் கோணலைப் பொறுத்தருள்க.

சென்ற மாரியில் கருங்கண்ணியில் முரசு முழங்கியது. ஏரி உடையப்போகிறது, உயிர் வேண்டுவோர் ஓடுக என்றது. செய்தி விடுத்தவர் பெயரை இறுதியில் கூறுவது முரசறைவோன் கடன். அன்று அவன் கூறவில்லை. ஏன் கூறவில்லை என்று ஒருவரும் கேட்கவுமில்லை. முரசு பேசினால் அரசியே பேசியதாக எண்ணும் சனம் நம் சனம். கரை கல்லாய்க் கிடக்கிறது என்று உலகன் தொண்டை கிழியக் கத்தினான். "முரசைவிட உன் வாய் பெருசோ?" என்று சிரித்துக்கொண்டே மூட்டை கட்டினார்கள்.

ஊர் எல்லையில் வணிகன் நாவாயன் வண்டிகளோடு காத்திருந்தான். வயலை எழுதிக்கொடுப்போர்க்கே வண்டி என்றான். அவன் நீட்டிய விலையெழுத்தை வாசிக்க, தங்கள் சாலையின் முதல் மாணாக்கி நறுமுகையை அவள் தாய் சொக்கி முன்னே தள்ளினாள். "படிச்ச புள்ளடா, தப்பே வராது, கேளுங்க!" என்றாள். பெண் வாசித்தாள். ஓரெழுத்தும் பிசகவில்லை. கோயிலில் பாட்டுக் கேட்பதுபோல் ஊரே கேட்டது. வெள்ளம் வடிந்தால் வயல் திரும்பும் என்று ஊர் நினைத்திருக்க, 'மீளா விலையறுதி' என்று அவள் வாய் இனிமையாய்ச் சொன்னது. விற்றது விற்றதே, வயல் இனித் திரும்பாது என்ற அதன் பொருளை அவளும் அறியாள். எல்லோரும் ரேகை வைத்தார்கள். ரேகை ரேகைதான் என்று அறமன்றமும் சொல்லிவிட்டது.

ஏரி இன்றும் ததும்பி நிற்கிறது. ஆளற்ற வீடுகளின் கதவுகள் காற்றில் அடித்துக்கொள்கின்றன. உலகன் மதகு திறக்கும்பொழுதெல்லாம் சொக்கி எங்கிருந்தோ நடந்துவந்து நீரைத் தொட்டுப் பார்க்கிறாள். "எப்ப உடையுமாம் அண்ணே? சீக்கிரம் உடையச் சொல்லு. நாங்க போனதுக்கு ஒரு நியாயம் வேணாமா?" என்கிறாள். அவள் பின்னே வரும் நறுமுகை பேச்சை விட்டுவிட்டாள்; உதடுகள் மட்டும் ஓசையின்றி அந்த எழுத்தை முதலிலிருந்து வாசித்தபடியே இருக்கின்றன.

இன்று காலை புலிமடையிலும் முரசு. இம்முறை கொள்ளைநோயாம். விடுத்தவர் பெயர் இல்லை. நாவாயன் வண்டிகள் தங்கள் ஊர் எல்லையில் நிற்கின்றன. வாசிக்க ஒரு பிள்ளை கேட்டுத் தங்கள் சாலைக்கு ஆள் விட்டிருக்கிறானாம்.

இவற்றையும் பிள்ளைகளுக்குக் கற்பிக்க உலகன் முன்பு வேண்டியதற்கு, பணக்காரியமும் முரசுச் செய்தியும் பாடமாகா, இலக்கணத்துக்கே பொழுது போதவில்லை என்று சென்ற திங்கள் தாங்கள் விடுத்த மறுமொழி கிடைத்தது. ஆயினும் ஆணை இது. இவ்வோலை கண்டவுடன் ஏடுகளைக் கட்டிவைத்து, மூத்த மாணாக்கரை எல்லைக்கு அழைத்துச் செல்க. செய்தி விடுத்தவர் யார், ஊர் ஓடினால் ஆதாயம் யாருக்கு என்று பிள்ளைகளே முரசறைவோனை மறித்துக் கேட்கட்டும். எழுத்தை வாசிக்கும் பிள்ளை வரிக்கு வரி நின்று, அடுப்படியில் அம்மாவிடம் சொல்வதுபோல் பொருள் சொல்லட்டும். சொல்லத் தெரியாத வரி வந்தால் வாசிப்பு நிற்க. எவர் விரலும் மையில் படாதிருக்க. நாளை முதல் அதுவும் பாடமாகுக.

ஓலை ஏந்திய குதிரை முந்தி வரும். உலகன் கால்நடையாய்ப் பின்னே வருகிறான். அரசியார் அளித்த நாரை முத்திரை இட்டு விடுத்தது. வண்டிகள் நகருமுன் நிறைவேறுக. நகர்ந்துவிட்டால் தங்களுக்குப் பொழுது நிறையவே கிடைக்கும். ஓதப் பிள்ளைகள்தாம் இரார்.