முழங்கை சர்வீஸ்

12 ஜூன் 1958, வியாழன்
டாக்டர் சொன்னபடி இன்றும் இடது கையால் பத்து வரி. எழுத்து நண்டு நடந்த மாதிரிதான் இருக்கிறது. ஆனால் நேற்று எழுதியதை இன்று படிக்க முடிகிறது.

புதுப்பட்டி பட்டாசு பாக்டரியில் மருந்து வெடித்து என் வலது கை போய் ஒன்பது மாதம். முழங்கைக்குக் கீழே நாலு விரற்கடை மிச்சம். போர்மேனாக நின்று வேலை வாங்கியவனை மாமா சிவகாசி அச்சாபீஸில் லேபிள் ஆர்டர் பார்க்க உட்கார வைத்திருக்கிறார். உட்கார்ந்திருக்கிறேன்.

சாயங்காலம் திருத்தங்கலில் பஸ்ஸை விட்டு இறங்கி, நேர்த்தெருவில் வராமல் சுற்றிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். நேர்த்தெருவில் பூப்பந்து மைதானம் இருக்கிறது. எவ்வளவு சுற்றினாலும் பேட்டில் பந்து படுகிற சத்தம் கேட்கிறது.

15 ஜூன், ஞாயிறு
பரண்மேல் கிடக்கும் என் பேட்டைச் செல்லப்பாண்டியிடம் கொடுத்துவிடும்படி என் மனைவியிடம் சொன்னேன். அவன்தான் எங்கள் டீமுக்குக் கேப்டன். லாரி கம்பெனியில் புக்கிங் பார்க்கிறான். வாராவாரம் வாழைப்பழத்தோடு வந்து ஊர்க்கதை எல்லாம் பேசுவான், ஆட்டத்தைப் பற்றி மட்டும் வாய் திறக்கமாட்டான்.

ஆவுடைத்தாய் மறுத்துவிட்டாள். "அவுகளுக்கு வேணும்னா அவுகளே வந்து கேக்கட்டும். நா எடுத்துக் குடுக்க மாட்டேன்."

"வச்சு என்ன செய்யப் போற?"

"எடது கை இருக்குல்ல?"

கத்திவிட்டேன். இவளுக்கு என்ன தெரியும்? பதினோரு வருசம் பின்வரிசையில நின்னு ஆடினவன் நான். இடது கையால சட்டைப் பித்தான் போடவே கால் மணி நேரம் ஆகுது. இதுல பேட்டு ஒண்ணுதான் கொறச்சல்.

16 ஜூன்
இரண்டு பேரும் பேசவில்லை.

22 ஜூன், ஞாயிறு
பேட்டு பரணிலிருந்து இறங்கி அடுப்படிச் சுவரில் சாய்ந்திருந்தது. பக்கத்தில் மஞ்சள் பந்து. அதை எங்கே வாங்கினாள் என்று நான் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை.

பின்கட்டில் நின்றுகொண்டு, "நா எறியிறேன், அடிங்க" என்றாள். பந்து எறியத் தெரியாதவள். குழம்புச் சட்டியைத் தூக்கிப் போடுகிற மாதிரி எறிந்தாள். முப்பது பந்தில் நாலு பட்டது. பட்டதில் ஒன்று ஓட்டின்மேல் போய்விட்டது. பக்கத்து வீட்டு வேலுத்தாய் மதிலுக்கு மேலே தலையை நீட்டி, "என்ன மதினி, அண்ணாச்சியோட வெளாட்டா?" என்று சிரித்தாள்.

எனக்கு உள்ளே ஓடிவிடலாம் போலிருந்தது. ஆவுடைத்தாய் திரும்பாமலே, "ஆமா மதினி, பந்து அங்கிட்டு விழுந்தா எடுத்துப் போடுங்க" என்றாள்.

6 ஜூலை
முப்பதுக்குப் பதினொன்று. தோள் வலிக்கிறது. நல்ல வலி.

3 ஆகஸ்டு, ஞாயிறு
இனி மைதானத்துக்குப் போகலாம் என்கிறாள். போக முடியாது. அதற்குக் காரணம் பயம் மட்டும் இல்லை.

பூப்பந்தில் பக்கத்துக்கு ஐந்து பேர். ஐந்து பேரும் முறைவைத்து சர்வீஸ் போட்டாக வேண்டும். ஒரு கையில் பந்து, மறு கையில் பேட்டு. பந்தை விட்டு, இடுப்புக்குக் கீழே அடிக்க வேண்டும். எனக்கு இருப்பது ஒன்று. அதில் எதைப் பிடிக்க?

பேட்டை அக்குளில் இடுக்கிக்கொண்டு பந்தைத் தூக்கிப் போட்டுப் பார்த்தேன். பேட்டை உருவுவதற்குள் பந்து தரையில். பேட்டின்மேலேயே பந்தை வைத்து எழுப்பினேன். இடுப்புக்கு மேலே போய்விடுகிறது, தப்பு. பந்தைப் பல்லில் கவ்விக்கூடப் பார்த்தேன். ஆவுடைத்தாய் வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே போனாள். அவள் சிரித்தாளா, அழுதாளா? கேட்கவில்லை.

26 ஆகஸ்டு, செவ்வாய்
விருதுநகருக்கு ஆர்டர் விஷயமாகப் போனவன், மார்க்கெட்டில் எலுமிச்சம்பழம் வாங்கினேன். பையின் வாயை இடது கையால் பிரிக்க வேண்டும். பழத்தை எங்கே வைக்க? யோசிக்காமலே வலது முழங்கையை மடக்கி அந்த மடிப்பில் பிடித்துக்கொண்டேன். பை விரிந்ததும் முழங்கையை நீட்டினேன். பழம் நேராகக் கீழே விழுந்தது.

கடைக்காரர் குனிந்து எடுத்துக் கொடுத்தார். நான் நன்றி சொன்னேனா என்று நினைவில்லை.

மடக்கினால் பிடிக்கிறது. நீட்டினால் விடுகிறது.

27 ஆகஸ்டு
முதல் சர்வீஸ் துணி காயப்போடும் கொடியைத் தாண்டியது. ஆவுடைத்தாய் கொடியைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள். "தாண்டிருச்சு" என்றாள், எனக்குத் தெரியாதது போல.

செப்டம்பர் – அக்டோபர்
தீபாவளி சீசன். லேபிள் ஆர்டர் மூச்சுவிட விடவில்லை. எழுதவில்லை. பந்தை மட்டும் விடவில்லை.

16 நவம்பர், ஞாயிறு
போனேன்.

முழுக்கைச் சட்டையைப் போடப் போனேன். ஆவுடைத்தாய் அரைக்கைச் சட்டையை நீட்டினாள். "அதுலதான மடக்க வரும்?"

மைதானத்தில் எல்லோரும் ஆட்டத்தை நிறுத்திவிட்டார்கள். செல்லப்பாண்டி ஓடிவந்து தோளைப் பிடித்துக்கொண்டான். என் சர்வீஸைப் பார்த்து வாய் பிளந்தார்கள். அது வரைக்கும் நன்றாக இருந்தது.

ஆட்டம் தொடங்கியதும்தான் தெரிந்தது. எனக்கு வந்த ஒவ்வொரு பந்தும் பூப்போல வந்தது, நின்ற இடத்துக்கே. நான் அடித்தால் கைதட்டினார்கள். தவறவிட்டாலும் கைதட்டினார்கள். சுப்புத்தாய் அக்காவின் மகன் முதன்முதலாக நடந்தபோது வீட்டில் இப்படித்தான் தட்டினோம்.

17 நவம்பர்
செல்லப்பாண்டியின் புக்கிங் ஆபீஸுக்கே போய்ச் சண்டை போட்டேன்.

"ஏலே, என்னை ஆள்னு நெனச்சா ஓங்கி அடி. இல்லன்னா சொல்லிரு, நா வரல."

அவன் ரசீதுப் புத்தகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு மெல்லச் சொன்னான். "எனக்கு முடியலடா அய்யாதுரை. அன்னைக்கி லாரியில ஒன்னை என் மடியில போட்டுத்தான ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனேன். ஒன் பக்கம் பந்தை ஓங்குனா அந்த ரத்தந்தான் கண்ணுல வருது."

எனக்கு அந்தப் பயணம் நினைவே இல்லை. சாத்தூர் ரோட்டுக் குலுக்கல் மட்டும் கொஞ்சம். பதினாலு மாதமாக அவன் அதைச் சுமந்துகொண்டு வாழைப்பழம் வாங்கி வந்திருக்கிறான். நான் என்னை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

"எனக்கு அது ஞாபகமில்லடா. நீயும் விட்டுரு" என்றேன். வேறு என்ன சொல்ல? டீ வாங்கிக் கொடுத்தான். இரண்டு பேரும் ஆறவிட்டுத்தான் குடித்தோம்.

23 நவம்பர், ஞாயிறு
முதல் மூன்று பந்து பூப்போலத்தான் வந்தது. நாலாவதைச் செல்லப்பாண்டி ஓங்கினான். நெஞ்சில் பட்டது. அவன் முகம் வெளுத்துவிட்டது.

"பாயிண்டு ஒனக்குத்தான், அடுத்ததைப் போடுலே" என்றேன்.

நெஞ்சில் ரூபாய் அகலத்துக்குச் சிவந்திருக்கிறது. ஆவுடைத்தாய் தேங்காயெண்ணெய் தடவிவிட்டாள். திட்டவில்லை.

5 ஏப்ரல் 1959, ஞாயிறு
விருதுநகர் பங்குனிப் பொங்கலையொட்டி நடந்த போட்டி. எதிரே சாத்தூர் டீம். நான் ஐந்தாவது ஆள். டிரில் வாத்தியார் லட்சுமிகாந்தம் சார்தான் அம்பயர்.

என் முறை வந்தது. முழங்கையில் பந்தை மடக்கினேன். சாத்தூர் கேப்டன் கையை உயர்த்தினார். "சார், சர்வீஸ்ல பந்து கையில இருந்துதான் வரணும். இவருக்குக் கை—" அதற்கு மேல் அவரால் சொல்ல முடியவில்லை. கெட்டவர் இல்லை. ஆட்டம் ஆட்டம்தானே.

சுற்றி நின்ற கூட்டம் முழுக்க என் கையைப் பார்த்தது. செல்லப்பாண்டி முன்னால் வந்தான். வேண்டாம் என்று தலையசைத்தேன்.

லட்சுமிகாந்தம் சார் சட்டைப் பையிலிருந்து விதிப் புத்தகத்தை எடுத்தார். இங்கிலீஷ் புத்தகம். இரண்டு தடவை வாசித்தார். கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னிடம் வந்து, பந்து இருந்த இடத்தைத் தொட்டார்.

"தம்பி, இதுக்குப் பேரு என்ன?"

"முழங்கை சார்."

"கைதான?"

ஒன்றரை வருடமாக 'மிச்சம்' என்றும் 'அது' என்றும்தான் சொல்லிவந்திருக்கிறேன்.

"கைதான் சார்."

"சர்வீஸ்!" என்று கத்திவிட்டுத் தன் இடத்துக்குப் போய் நின்றார். கூட்டத்தில் விசில். சாத்தூர் கேப்டன் தலையை ஆட்டிக்கொண்டார். என் பந்தை வாங்கி, எனக்கு வலது பக்கமாகப் பார்த்து ஓங்கி அடித்தார். என்னால் எட்ட முடியவில்லை.

மூன்றாவது ஆட்டத்தில் 24–29. தோற்றோம். கடைசிப் பந்தைத் தவறவிட்டவன் நான்தான். பஸ்ஸில் திரும்பும்போது ஒருத்தனும் என்னைத் தேற்றவில்லை. செல்லப்பாண்டி விருதுநகரிலிருந்து திருத்தங்கல் வரைக்கும் அந்த ஒரு பந்துக்காகவே திட்டிக்கொண்டு வந்தான்.

20 மார்ச் 1960, ஞாயிறு
என்ன நெனச்சுக்கிட்டிருக்கான் அவன்?

இந்த வருசப் போட்டிக்குச் செல்லப்பாண்டி ஐந்து பேரின் பெயரை வாசித்தான். என் பெயர் இல்லை. பலவேசம் பெயர் இருக்கிறது. போன வருசம்தான் பேட்டு பிடிக்கவே பழகின பலவேசம்!

எல்லோருக்கும் முன்னால் கேட்டேன். "ஏலே, ஒனக்குத் தொந்தி போட்டுருச்சு. பின்னால ஓடவே மாட்டேங்குற. அவன் ஓடுறான். நீ ஆறாவது ஆளா இரு" என்றான். சட்டையைப் பிடிக்காத குறை. நானும் பேசினேன், அவனும் பேசினான். பேட்டை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

சாப்பாடு வேண்டாம் என்றேன். ஆவுடைத்தாய் முழுக் கதையையும் கேட்டாள்.

"அண்ணே சொன்னதுல என்ன தப்பு? காலையில எம்புட்டு இட்லி திங்கிறீகன்னு நா எண்ணத்தான செய்யிறேன்."

"நீயுமா?"

விளக்குத் திரியைத் தூண்டிவிட்டாள். பிறகு, "கையப் பத்தி யாரும் ஒண்ணும் சொல்லலியா?" என்று கேட்டாள்.

யோசித்துப் பார்த்தேன். "அதைப் பத்தி எவன் பேசுனான்? தொந்தியப் பத்தித்தான் பேசுனாங்க."

முகத்தைத் திருப்பிக்கொண்டு உள்ளே போனாள். கொஞ்ச நேரம் கழித்துச் சோற்றைப் போட்டுக்கொண்டு வந்து வைத்தாள். அளவு குறைவாக இருந்தது.

நாளை ஐந்து மணிக்கு எழுப்பச் சொல்லியிருக்கிறேன். கண்மாய்க்கரை வரைக்கும் ஓட வேண்டும். போட்டிக்கு இன்னும் பதினைந்து நாள் இருக்கிறது. அந்தப் பலவேசத்துக்கு சர்வீஸ் இன்னும் சரியாக விழவில்லை.