உளுந்துக்குள் ஒரு ரோடு

சோலைச்சாமிபுரம்,
கார்த்திகை மாதம், மழை விட்ட காலை.

மாப்பிள்ளை செல்வகணேஷ் அவர்களுக்கு,

பிச்சையா எழுதுவது. என் உளுந்துக் காட்டின் நடுவே என்னைக் கேட்காமல் நீங்கள் ஒரு ரோடு போட்டுவிட்டீர்கள். ஜல்லி இல்லை, தார் இல்லை. மஸ்கட்டில் உட்கார்ந்தபடி, போன் மேப்பில் விரலாலேயே போட்டுவிட்டீர்கள். அந்த ரோட்டை நம்பி வந்த கார் சேற்றில் புதைந்து நின்றது. அதனால் உங்கள் மனைவியையும் பிள்ளையையும் பறிகொடுக்கிற இடம் வரைக்கும் நாங்கள் போய்விட்டு வந்தோம். நீங்கள் செய்த தப்பு இதுதான். வேறு எதை எழுதுவதற்கு முன்னும் இதை எழுதிவிட வேண்டும் என்று உட்கார்ந்தேன். எழுதிவிட்டேன்.

இனி மற்றது. சத்யபிரியா நன்றாக இருக்கிறாள். எழுந்து நடக்கிறாள், பத்தியச் சாப்பாட்டைக் குறை சொல்கிறாள், அவள் அம்மா பார்வதியோடு சண்டை பிடிக்கிறாள். குழந்தை பால் குடித்துவிட்டுத் தூங்குகிறது. நிறம் உங்கள் பக்கம், குரல் என் பக்கம் என்று பார்வதி சொல்கிறாள். நான் அப்படியெல்லாம் கத்துகிறவன் இல்லை.

கார் வரத் தாமதமாயிற்று என்று மட்டும்தான் உங்களிடம் சொல்லியிருப்பாள். "அவருட்ட சொல்லாதீங்கப்பா, தாங்கமாட்டாரு" என்று என்னிடம் கேட்டுக்கொண்டாள். எனக்கு அதில் சம்மதமில்லை. ஒரு மனிதன் செய்தது அவனுக்குத் தெரிய வேண்டும். பிள்ளை பிறந்த அன்று நீங்கள் போனில் அழுதீர்கள். அழுகிறவரிடம் போய்க் கோபத்தைச் சொல்ல முடியுமா? போனைப் பார்வதி கையில் கொடுத்துவிட்டு வெளியே போய்விட்டேன். கடிதத்தில் எழுதினால் நீங்களும் குறுக்கே பேச முடியாது, அழவும் முடியாது. அழுதாலும் எனக்குத் தெரியாது.

நடந்ததைக் கேளுங்கள்.

அடைமழை. காடெல்லாம் உளுந்தும் பாசிப்பயறும் முட்டளவு நிற்கிறது. டாக்டர் சொன்ன தேதிக்கு நாள் கிடக்கிறது என்று நாங்கள் அசட்டையாக இருந்தோம். மத்தியானம் சாப்பிட்டு எழுந்தவளுக்கு வலி வந்துவிட்டது. கோவில்பட்டியில் கார் வைத்திருக்கும் ராஜபாண்டிக்குப் போன் போட்டேன். நல்ல பையன்தான், ஆனால் நம்ம ஊருக்கு வந்ததில்லை. வழி சொல்ல வாயெடுத்தேன். "வழியெல்லாம் வேண்டாம் அண்ணாச்சி, ஊர் பேரு மட்டும் சொல்லுங்க, மேப்பு இருக்கு" என்று வைத்துவிட்டான்.

வாசலில் நின்று நின்று கால் கடுத்துப்போயிற்று. கார் வரவில்லை. உள்ளே அவள் பல்லைக் கடித்துக்கொண்டிருக்கிறாள். கடைசியில் அவனே கூப்பிட்டான்.

"அண்ணாச்சி, மேப்புல ரோடு கிடக்கு. தரையில காணல. வண்டி அமுங்கிட்டு. உளுந்துக்குள்ள நிக்கேன்."

"யாரு காட்டுலடே?"

"யாரு காடுன்னு தெரியலியே. பிச்சையா மாமா ரோடுன்னு போட்டிருக்கு."

மாப்பிள்ளை, இந்த உலகத்தில் என்னை மாமா என்று கூப்பிடுகிற ஆள் நீங்கள் ஒருவர்தான். எனக்கு அந்த இடத்திலேயே விளங்கிவிட்டது. விளங்கினவுடன் நான் போட்ட சத்தம் தெருமுனை வரைக்கும் கேட்டதாம். பார்வதி உள்ளேயிருந்து ஓடிவந்தாள். "ஏங்க, ரோட்டுக்கு அப்புறமா ஏசுங்க. மொதல்ல பிள்ளைய ஏத்த வழியப் பாருங்க" என்றாள். அவள் சொன்னதும் சரிதான்.

டிராக்டர் கொண்டுபோய்க் காரை இழுக்கலாம் என்று ஒருவன் யோசனை சொன்னான். ஈரக் கரிசலில் டிராக்டரையும் இறக்கினால் அதை இழுக்க இன்னொன்று வேண்டும். தெற்குத் தெரு இசக்கிராஜாவிடம் லோடு ஆட்டோ இருக்கிறது. கழுகுமலைக்கு ஆடு ஏற்றிக்கொண்டு போகிற வண்டி. கூப்பிட்டேன். "பெரியப்பா, ஆட்டு வாடை அடிக்குமே" என்று தலையைச் சொறிந்தான். "அடிக்கட்டும்லே, எடு" என்றேன். மெத்தையை விரித்து அவளைப் படுக்கவைத்தோம். பார்வதி தலைமாட்டில் உட்கார்ந்தாள். தார்ப்பாயின் ஒரு முனையைக் கம்பியில் கட்டிவிட்டு, மறு முனையை நான் பிடித்துக்கொண்டேன்.

ஊரைச் சுற்றிக்கொண்டு போகிற மழைக்காலப் பாதையில் ஓடைத் தரைப்பாலத்தைக் கடக்க வேண்டும். போனால், பாலத்தின் மேல் தண்ணீர் ஓடுகிறது. கரிசல் மண் கலங்கல். பாலத்தின் ஓரம் எது, பள்ளம் எது என்று கண்ணுக்குத் தெரியவில்லை. இசக்கிராஜா வண்டியை நிறுத்திவிட்டான். அவள் அப்போது "அம்மா" என்று கூப்பிடுவதையும் நிறுத்தியிருந்தாள்.

அந்த நேரத்தில் ராஜபாண்டி வந்து சேர்ந்தான். தரைப்பாலத்து வழியில் போகிறோம் என்று போனில் சொல்லியிருந்தேன்; காரை அப்படியே போட்டுவிட்டுக் காடு வழியே நடந்து வந்திருக்கிறான். செருப்பு போன இடம் தெரியாது. ஒவ்வொரு காலிலும் ஒரு கூடை மண். நேராகத் தண்ணீருக்குள் இறங்கினான். காலால் பாலத்தின் விளிம்பைத் தடவித் தடவி, வண்டிக்கு முன்னால் நடந்தான். "அண்ணே, என் முதுகைப் பாத்தே வாங்க, தண்ணியப் பாக்காதீங்க" என்று இசக்கிராஜாவுக்குச் சொல்லிக்கொண்டே போனான். சக்கரம் பாதி முங்கியது. ஒருவழியாக அக்கரை ஏறினோம். "ஏட்டி, தாண்டியாச்சு, தாண்டியாச்சு" என்று பார்வதி அவள் கன்னத்தைத் தட்டினாள். அவள் கண்ணைத் திறந்து, "ஆட்டு வாடை தாங்கலம்மா" என்றாள். அழுவதா சிரிப்பதா என்று எங்களுக்குத் தெரியவில்லை.

ஆஸ்பத்திரிக்குள் கொண்டுபோன கொஞ்ச நேரத்திலேயே குழந்தை சத்தம் கேட்டது. வெளியே வந்த டாக்டரம்மா, "இன்னும் கொஞ்சம் லேட்டாயிருந்தா" என்று ஆரம்பித்தார். அதை முடிக்க வேண்டாம் என்று கையெடுத்துக் கும்பிட்டேன். இதுவரை யாரையும் நான் பாதிப் பேச்சில் நிறுத்தியதில்லை.

மழை விட்டு மண் உலரும் வரைக்கும் கார் உளுந்துக்குள்ளேயேதான் நின்றது. ஊரே வந்து பார்த்துவிட்டுப் போனது. டீக்கடையில் நான் உட்கார்ந்தால், "பிச்சையா ரோட்டுல டிராபிக் எப்படி?" என்று கேட்கிறார்கள். "டோல்கேட் எப்பம் போடுவீரு?" என்று ஒருவன். எல்லாம் உங்களால்.

அந்த ரோட்டை அழிக்க நானே முயன்றேன். நான் பள்ளிக்கூடத்தில் இருந்தது கொஞ்ச காலம்தான் என்று உங்களுக்குத் தெரியும். தமிழ் வாசிக்கப் பேப்பர் பார்த்துப் படித்தேன். போனை நானே நோண்டிப் படித்தேன். யாரும் சொல்லித் தரவில்லை, சொல்லித்தர விடவும் இல்லை. இங்கே ரோடு இல்லை என்று மேப் கம்பெனிக்குப் புகார் அனுப்பினேன். வானத்திலிருந்து எடுத்த படத்தில் ரோடு தெரிகிறது, ஆகவே நீக்க இயலாது என்று பதில் வந்தது. மேலே பறக்கிறவன் பேச்சுக்கு இருக்கிற மதிப்பு அந்த மண்ணிலேயே நிற்கிறவன் பேச்சுக்கு இல்லை. மறுபடியும் அனுப்பினேன், புதைந்த காரின் போட்டோவோடு. அதற்கும் அதே பதில்.

அந்தப் படத்தில் அப்படி என்னதான் தெரிகிறது என்று சத்யபிரியாவின் பழைய லேப்டாப்பில் தேடிப் பார்த்தேன். வருஷம் வருஷமாக எடுத்த பழைய படங்களையும் அதில் பார்க்க வழியிருக்கிறது. கோடைப் படத்தில் நம் காடு சாம்பல் பூத்துக் கிடக்கிறது. நடுவே ஊரிலிருந்து கழுகுமலை ரோடு வரைக்கும் கோடு கிழித்தாற்போல் வெள்ளையாக ஒரு பாதை. மழைக்காலப் படத்தில் அந்தக் கோட்டைக் காணோம், வெறும் பச்சை. அடுத்த கோடையில் மறுபடியும் கோடு. ஒவ்வொரு வருஷமும் இப்படித்தான். நான் வாழ்ந்த காலமெல்லாம் காலால் அறிந்ததைக் கண்ணால் பார்த்தது அன்றைக்குத்தான்.

மகசூல் எடுத்துக் காடு காலியானதும் யார் காடு என்று பார்க்காமல் எல்லாரும் குறுக்கே போவோம். வண்டி, பைக், டிராக்டர், ஆட்டுக்கிடை எல்லாம். தடுக்கிற வழக்கம் இங்கே கிடையாது. மழை விழுந்து முதல் உழவு போட்டால் அந்தப் பாதை முடிந்தது. யாரும் அறிவிக்க மாட்டார்கள். எல்லாரும் தரைப்பாலத்து வழிக்குத் திரும்பிவிடுவார்கள். அந்தத் தரைப்பாலத்து வழியோ படத்தில் தெரியவே இல்லை. இரண்டு பக்கமும் வேலிக்கருவை வளர்ந்து மேலே கூடாரம்போல் மூடிக்கிடக்கிறது. இல்லாத ரோடு பளிச்சென்று தெரிகிறது, இருக்கிற ரோடு மறைந்து கிடக்கிறது.

இதை நான் பார்த்துக்கொண்டிருந்தபோது சத்யபிரியா பிள்ளையோடு பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "அவரு வந்ததெல்லாம் கோடை லீவுலதானப்பா. அந்தப் பாதையிலதான் என்னைப் பைக்ல வச்சிக் கூட்டிட்டுப் போனாரு. எனக்கு வலி வந்தா வண்டி சுத்தாம சீக்கிரம் வரணும்னுதான் உக்காந்து வரைஞ்சாரு. மழையில அது இருக்காதுன்னு அவருக்கு யாரு சொன்னா?" என்று கேட்டாள்.

உங்கள் ஊர் உடன்குடிப் பக்கத்துத் தேரிமணல். மணல் மழையில் இறுகும், அதில் நடக்கலாம், வண்டி ஓட்டலாம். எங்கள் கரிசல் கோடையில் பாறை, மழையில் மாவு. அது உங்களுக்குத் தெரிய நியாயமில்லை. நாங்கள் சொல்லவில்லை என்பது உண்மை. நீங்கள் கேட்கவில்லை என்பதும் உண்மை. இரண்டாவதை நான் விடுவதாக இல்லை.

லேப்டாப்பை மூடுவதற்கு முன் இன்னொன்றும் செய்தேன். நீங்கள் அனுப்பின விலாசத்தைப் போட்டு உங்கள் இடத்தைத் தேடினேன். கடலைத் தாண்டி, வெறும் மலையும் மணலும் தாண்டிப் போனது படம். கூரை கூரையாக ஒரே மாதிரி வரிசை. உங்கள் கூரை எது என்று கண்டுபிடிக்க முடியவில்லை. சுற்றிலும் ஒரு மரம் இல்லை. நிழல் என்று தெரிந்ததெல்லாம் தண்ணீர்த் தொட்டிகளின் நிழல்தான். அங்கே இருந்துகொண்டு, வேலை விட்டு வந்த களைப்பில், நம்ம ஊர் ஓடையையும் காட்டையும் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்திருக்கிறீர்கள். பார்வதி சாப்பிடக் கூப்பிட்டாள், பசியில்லை என்று சொல்லிவிட்டேன்.

சரி, இனி ஆக வேண்டிய காரியங்கள்.

இந்தக் கடிதம் கையில் கிடைத்ததும் நீங்கள் அந்த ரோட்டை எடுத்துவிட வேண்டும். போட்டவரே எடுத்தால் கம்பெனிக்காரன் கேட்பான் என்று சத்யபிரியா சொல்கிறாள். தரைப்பாலத்து வழியை நான் போனோடு நடந்து, முக்குக்கு முக்கு படம் எடுத்து அனுப்புவேன். அதைப் பார்த்து நீங்கள் வரைய வேண்டும். வரைந்ததை எனக்குக் காட்டாமல் ஏற்றக் கூடாது. அதற்கு யார் பெயரும் வேண்டாம்.

ராஜபாண்டி ஸ்டாண்டில் மற்ற டிரைவர்களுக்கெல்லாம் மழைக்காலத்தில் நம்ம ஊருக்கு எப்படி வருவது என்று சொல்லியாக வேண்டும். சொல்லிவிட்டதாகச் சொன்னான். நான் நேரில் போய் விசாரிப்பேன். அவனுக்கும் இசக்கிராஜாவுக்கும் நீங்களே உங்கள் வாயால் போன் பண்ணிப் பேச வேண்டும். இசக்கிராஜா வண்டியைக் கழுவிக்கொண்டேயிருக்கிறான், அடுத்த பிரசவத்துக்கு என்று ஊரில் கேலி.

சத்யபிரியா இனிமேல் எதையும் உங்களிடம் மறைக்கக் கூடாது. அதை நான் அவளிடம் சொல்லிவிட்டேன். பார்வதி உங்களுக்கு இஞ்சி லேகியமும் கடம்பூர்ப் போளியும் கொடுத்துவிட ஆள் தேடுகிறாள். போளி கெட்டுப்போகும் என்றால் கேட்கமாட்டாள். யாராவது வந்தால் நீங்கள் மறுக்காமல் வாங்கிக்கொள்ள வேண்டும்.

கடைசிக் காரியம் உங்களுடையது. பிள்ளைக்குக் கழுத்து நிற்பதற்கு முன்னால் லீவு போட்டு வாருங்கள். கழுத்து நிற்காத பிள்ளையைத் தூக்குவதற்கு ஒரு கைப்பக்குவம் உண்டு. ஒரு உள்ளங்கை தலைக்கடியில் இருக்க வேண்டும். அந்தப் பாரம் கையில் இருக்கிற காலம் ரொம்பக் கொஞ்சம். தவறவிட்டவருக்குத் திரும்பக் கிடைக்காது. இப்போதைக்கு உங்களுக்காக அந்தக் கையை நான் வைத்துக்கொண்டிருக்கிறேன். நீங்கள் வந்து வாங்கிக்கொள்ளுங்கள்.

நேரத்துக்குச் சாப்பிடுங்கள். வெயிலில் தலையில் துண்டு போட்டுக்கொள்ளுங்கள். சுகமாக இருங்கள்.

பிச்சையா