ஏழில் வைத்த பெட்டி

ஒட்டுசுட்டான்,
ஆவணி, வெள்ளிக்கிழமை.

அன்பு மகன் கிருசாந்தனுக்கு அம்மா எழுதுவது,

நாங்கள் எல்லோரும் சுகம், உன் சுகத்தையும் அறியத் தா என்றுதான் தொடங்க வேண்டும். நான் சுகம். உன் அப்பா, கொப்பர், நல்ல சுகம், மூன்று நேரமும் வயிறு நிறையச் சாப்பிடுகிறார். உன் தம்பி திலீபன் சுகமில்லை. அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். போனில் சொன்னால் நீ உடனே சிக்னல் கிடைக்குதில்லை அம்மா, பிறகு எடுக்கிறன் என்று வைத்துவிடுவாய், நான் கதைக்கிற நேரமெல்லாம் கொப்பரும் பக்கத்துக் கதிரையில் இருந்து காது கொடுத்துக்கொண்டிருப்பார். கடிதத்தை நீ அப்படி வெட்ட முடியாது. நம் ஒழுங்கையில் இருக்கிற கமலாசனி மகளைப் பார்க்கப் பாரிசுக்கு வருகிறாள், அவள் கையில் கொடுத்து விடுகிறேன். வேலை முடிந்து வந்து, குளித்து, சாப்பிட்டுவிட்டுப் படி. படித்த பிறகு சாப்பாடு இறங்காது. இறங்கினால் அதையும் எனக்குச் சொல்லு.

வீட்டுப் புதினம் என்றால் செவலைப் பசு ஆண்கன்று போட்டிருக்கிறது, நாம்பன். போன கிழமை யானை வந்து கிணற்றடி வாழையை முழுக்க முறித்துப் போட்டது, தின்றதை விட மிதித்ததுதான் கூட. வெயில் நெருப்பாக எரிக்கிறது, குளத்தில் தண்ணீர் அடியில் கிடக்கிறது. இதெல்லாம் கொப்பர் உனக்குச் சொல்லியிருப்பார், இப்படியான கதைகளுக்கு அவரிடம் குறைவில்லை. அவர் சொல்லாததை நான் எழுதுகிறேன், அதற்குக் கெப்பிலிருந்துதான் தொடங்க வேண்டும். அந்த வாகனத்துக்கு இழுவை இல்லை என்பது வாங்கிய நாளிலிருந்து ஊருக்கே தெரியும். பெயருக்கு நாலு சில்லும் இழுக்கிற கெப், காட்டுப் பாதைக்கும் சேற்றுக்கும் என்றே செய்தது, கொஞ்சம் நெல்மூட்டை ஏற்றினால் குளக்கட்டில் ஏறாமல் நின்று புகைக்கும். வயலுக்குள் இறங்கினால் பக்கத்து வயல் ராஜரத்தினம் தன் ட்ரக்டரைக் கொண்டு வந்து சங்கிலி போட்டு இழுத்தால்தான் வெளியே வரும். சைக்கிளில் போகிற பெடியங்கள் முந்திக்கொண்டு போய்த் திரும்பிப் பார்த்து, ஐயா தள்ளி விடட்டோ என்று கேட்பார்கள். கொப்பர் கண்ணாடியை ஏற்றிவிட்டுப் பல்லைக் கடிப்பார். அந்தக் கோபத்தை வீட்டுக்குக் கொண்டு வந்து சோற்றுக் கோப்பையில் காட்டுவார், உனக்குத் தெரியாததா.

வேறு வாகனம் வாங்கித் தா என்று உன்னிடம் கேட்டார். நீ அதற்குப் பதிலாக ஒரு பெட்டி அனுப்பினாய், சவர்க்காரப் பெட்டி அளவுதான், எஞ்சினுக்குப் போகிற டீசலைக் கூட்டிவிட்டு இழுவையைக் கூட்டுமாம். வவுனியாவில் றிப்னாஸின் கராச்சில் கொண்டுபோய்ப் பூட்டினார். அதில் ஒன்றிலிருந்து ஏழு வரைக்கும் இலக்கம் இருக்கிறது. மூண்டுக்கு மேல ஏத்தாதேங்கோ ஐயா, ஏழில வச்சா மெல்ல உருட்டேலாது, பாஞ்சிரும் என்று றிப்னாஸ் சொல்லித்தான் விட்டான். வீட்டுக்கு வந்ததும் கொப்பர் உனக்கு வீடியோ எடுத்தார். நீ என்ன சொன்னாய், ஞாபகம் இருக்கிறதா? கராச்காரர் எல்லாம் பயந்தவங்கள் அப்பா, ஏழில வையுங்கோ, ஒண்டும் நடக்காது, நான் இஞ்ச எல்லாம் வாசிச்சிட்டன் என்றாய். நான் குசினிக்குள் தேங்காய் துருவிக்கொண்டு நின்றேன். நீ சொன்ன ஒவ்வொரு சொல்லும் எனக்குக் கேட்டது.

ஓம், ஏழில் வைத்த பிறகு கெப் நன்றாகத்தான் ஓடியது. நான் இல்லை என்று சொல்லவில்லை. முழுப் பாரத்தோடும் குளக்கட்டில் ஏறியது. சேற்றுக்குள் இறங்கி, கேட்காமலே வெளியே வந்தது. கொப்பருக்குத் தலை கால் தெரியவில்லை. யாருடைய வாகனம் எங்கே புதைந்தாலும் இவர் கயிற்றோடு போய் நிற்பார். ஒருநாள் ராஜரத்தினத்தின் ட்ரக்டருக்குப் பின்னால் பூட்டுகிற பெட்டியே வாய்க்காலுக்குள் சரிந்துபோக, அதை இழுத்துக் கொடுத்துவிட்டு ஒட்டுசுட்டான் சந்தியில் உள்ள தேத்தண்ணிக் கடை முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தார். அந்த மனிசன் இவ்வளவு காலமும் நம்மை இழுத்துவிட்டு ஒரு வார்த்தை வெளியே சொன்னதில்லை.

இனி நேர்த்திக்கு வருகிறேன். நீ அங்கே இருக்கிறதுக்கு விசாக் காட் கிடைக்காமல் பொலிசுக்கு ஒளித்துத் திரிந்த காலத்தில் நான் அம்மன் வாசலில் நின்று நேர்த்தி வைத்தேன். என் மூத்தவனுக்குக் காட் கிடைத்தால் இளையவன் உன் வாசலுக்குத் தூக்குக்காவடி எடுப்பான் என்று கேட்டு அழுதேன். வேறு யாரை வைப்பேன்? கொப்பருக்குப் பிறஷர், எனக்கு முழங்கால். நான் சொன்னபோது நீயும் அழுதாய், நான் இதைச் சாகும் வரைக்கும் மறக்க மாட்டன் எண்டு தம்பிட்டச் சொல்லுங்கோ அம்மா என்றாய். மாசியில் காட் வந்தது. திலீபனிடம் சொன்னேன். ஓம் அம்மா, எடுக்கிறன் என்றான், வேறு ஒரு கேள்வி கேட்கவில்லை. மீன், இறைச்சி என்று மச்சம் எல்லாம் விட்டான், நிலத்தில் படுத்தான், கூட்டாளிகளோடு கடைப்பக்கம் போவதையும் விட்டான். காட் உனக்கு, விரதம் அவனுக்கு.

நம் ஊரில் தூக்குக்காவடி எப்போதும் ராஜரத்தினத்தின் ட்ரக்டரில்தான் போகும். முன்னால் துலாவைக் கட்டி, ஆளைக் குப்புறத் தொங்கவிட்டு, முதுகிலும் காலிலும் குத்திய கொக்கி முள்ளுகளிலேயே முழுப் பாரமும் நிற்க, நடக்கிற சனத்தோடு சனமாக வாகனம் ஊர்ந்து போக வேண்டும். இந்த முறை கொப்பர் விடவில்லை. என்ர பிள்ளையின்ர காவடி என்ர வாகனத்தில போகும், இனி ஒருத்தன்ர ட்ரக்டரும் எனக்குத் தேவையில்லை என்று நின்றார். ராஜரத்தினம் வீட்டுக்கு வந்து, இருக்கச் சொல்லியும் இருக்காமல், அண்ணை, இதுக்கு இழுவை தேவையில்லை, ஊருறதுதான் தேவை, இந்த ஒரு நாளைக்கு மட்டும் உங்கட வாகனத்தை வீட்டில விடுங்கோ என்று கெஞ்சாத குறையாகக் கேட்டான். உனக்கு எரியுது, போடா என்றார் கொப்பர். நான் தடுக்கவில்லை. இவ்வளவு காலமும் சிரித்த சனம் ஒருமுறை பார்க்கட்டும் என்று எனக்கும் ஆசைதான்.

பிள்ளையார் கோயிலடியில் முள்ளுக் குத்தினார்கள். திலீபன் சிரித்துக்கொண்டு நின்றான். மேளமும் அரோகராவுமாகப் புறப்பட்டு வாய்க்கால் ரோட்டால் வந்து மதகடி வரைக்கும் ஒரு குறையும் இல்லை, அம்மன் கோயில் கோபுரம் கண்ணுக்குத் தெரிகிற தூரம். மதகு மேட்டில் மெல்ல ஏற்றுகிறேன் என்று கொப்பர் அக்சிலேட்டரில் காலை வைத்தார், கெப் அசையவில்லை. இன்னும் கொஞ்சம் வைத்தார், அசையவில்லை. பிறகு சூடு பட்ட மாடு மாதிரி ஒரேயடியாகப் பாய்ந்தது. துலா மேலே போய்க் கீழே அடித்தது. வலப்பக்கத் தோளில் இருந்த முள்ளுகள் தசையையும் பிய்த்துக்கொண்டு வந்துவிட்டன. பிள்ளை மற்றப் பக்கத்து முள்ளுகளில் சரிந்து தொங்கினான். பின்னால் வந்தவர்களுக்கு ஒன்றும் தெரியாது, மேளம் அடித்துக்கொண்டே இருந்தது, சனம் அரோகரா என்று கத்திக்கொண்டே வந்தது. அவன் கத்தவில்லை. அம்மா, அப்பாவை நிப்பாட்டச் சொல்லுங்கோ என்று என்னைப் பார்த்துச் சொன்னான், பக்கத்தில் நின்று தண்ணீர் கேட்கிற மாதிரிச் சொன்னான். ஐயோ மகனே, அந்தக் குரல் இன்னும் என் காதுக்குள் நிற்கிறது.

கோயில் பெடியங்கள் எல்லாவற்றையும் போனில் நேரலையாகப் போட்டுக்கொண்டு வந்தார்கள். நீயும் அங்கேயிருந்து பார்த்தாய். கெப் பாய்ந்த அந்த நிமிஷம் நீ, அப்பான்ர வாகனத்தின்ர பாய்ச்சலைப் பாருங்கோ என்று எழுதி, அதற்குப் பக்கத்தில் சிவப்பாக ஒரு இதயமும் போட்டாய். பெடியங்கள் உடனே போனை வேறு பக்கம் திருப்பிவிட்டார்கள், மிச்சத்தை நீ காணவில்லை. நான் பிறகு பார்த்தேன். இதயம் இன்னும் அங்கேயே இருக்கிறது, ஊரில் எல்லோரும் பார்த்துவிட்டார்கள், நீ எடுக்காதே, கிடக்கட்டும்.

சின்னக் கீறல், ஆறியிட்டுது என்று கொப்பர் உனக்குச் சொன்னார். திலீபனும் ஒண்டுமில்லை அண்ணா என்றான். கேள், உண்மையை நான் சொல்கிறேன். தையல் போட்ட இடம் ஆறிவிட்டது, கை ஆறவில்லை. வலக்கை தோளுக்கு மேல் எழும்பாது. நரம்பு அறுந்துபோச்சு, இனி இவ்வளவுதான் என்று ஆசுபத்திரியில் சொல்லிவிட்டார்கள். சட்டை போட்டுவிடுகிறதும் நான்தான், தலை சீவி இழுத்துவிடுகிறதும் நான்தான். மண்வெட்டி பிடிக்க மாட்டான், மூட்டை தூக்க மாட்டான். மல்லாவியில் பேசி வைத்த கலியாணமும் போயிற்று, சாமிக் குற்றம் உள்ள வீடாம். பொம்பிளையின் தாய் என் முகத்துக்கு நேரே, ஒரு கையால என்ர பிள்ளையை எப்பிடிப் பார்ப்பார் என்று கேட்டாள். நான் அவளுக்குக் கொடுத்த பதிலை இதில் எழுதினால் கமலாசனி இந்தக் கடிதத்தைத் தொட மாட்டாள்.

கொப்பர் ஊருக்குச் சொல்கிற கதை வேறு. பெடியன் அசைஞ்சிட்டான், அதுதான் முள்ளு வந்தது, வாகனத்தில ஒரு பிழையும் இல்லை என்கிறார். கெப்பைக் கழுவித் துடைத்து வைத்திருக்கிறார், பெட்டி இன்னும் ஏழில்தான். திலீபன் அதில் ஏறுவதில்லை. முல்லைத்தீவுக்குக் கிளினிக் போகிற நாளில் சந்திக்கு நடந்துபோய் பஸ் எடுக்கிறான். இவர் வெறும் கெப்பை பஸ்ஸுக்குப் பின்னால் ஓட்டிக்கொண்டு முல்லைத்தீவு வரைக்கும் போகிறார், அவன் கிளினிக் முடிந்து பஸ் ஏற, இவரும் பின்னாலே ஓட்டிக்கொண்டு வருகிறார். இரண்டு பேரும் ஒரு வார்த்தை கதைப்பதில்லை. ஊர் சிரிக்கிறது. எனக்கு இரக்கம் வரும் என்று பார்த்தேன், வரவில்லை. அவருடைய பாயையும் தலையணையையும் கெப் நிற்கிற கொட்டிலுக்குள் போட்டுவிட்டேன், அங்கேதான் படுக்கிறார்.

இப்போது உன் அலுவல். காவடி மதகடியோடு நின்றுவிட்டது, அம்மன் வாசலுக்குப் போய்ச் சேரவில்லை. ஐயரிடம் கேட்டேன். சிந்தின இரத்தமே போதும் அம்மா, அம்மாள் ஏற்றுக்கொண்டிட்டா என்றார். நான் நேர்த்தி வைத்தது ஐயரிடம் இல்லை. அம்மாள் கேட்டதைத் தந்துவிட்டாள், நாங்கள் பாதி வழியில் நிற்கிறோம். இதை வீட்டில் சொல்லி அழுதபோது திலீபன் வந்து பக்கத்தில் இருந்து, வாற வருசம் இடப்பக்கத்தில கூடுதலாக் குத்தலாம் அம்மா, நான் எடுக்கிறன், நீங்கள் அழாதேங்கோ என்றான். அந்தப் பிள்ளைக்கு மிச்சம் இருப்பது ஒரு தோள். அதையும் உனக்காகத் தரப் பார்க்கிறான். அவன் சொன்னதைக் கேட்ட பிறகுதான் நான் முடிவெடுத்தேன்.

வாற வருஷம் நீ வந்து எடு. நாட்டுக்கு வந்தால் காட்டைப் பறித்துவிடுவார்கள், திரும்பிப் போக விட மாட்டார்கள் என்று நீ சொல்லுவாய், அது எனக்கும் தெரியும், அதற்காகத்தான் கல்யாணவீடு செத்தவீடு ஒன்றுக்கும் வா என்று உன்னை நான் இதுவரை கேட்டதில்லை. இப்போது கேட்கிறேன். பறித்தால் பறிக்கட்டும். அது உன் தம்பியின் தோளுக்கு வந்த காட், உன்னுடையது இல்லை. ராஜரத்தினத்தின் ட்ரக்டரை நான் கேட்க மாட்டேன். கொப்பரே ஓட்டுவார், கெப்பிலேயே போவாய், பெட்டியைக் கழற்றவும் சொல்ல மாட்டேன். நீ வாசித்துப் பார்த்து வைக்கச் சொன்ன ஏழு, நீ அதில் தொங்கிக்கொண்டு மதகைத் தாண்டு.

குளிருக்குக் காதை மூடிக்கொண்டு வேலைக்குப் போ, விரத காலத்தில் சளி பிடிக்கக் கூடாது. இன்றைக்கே மச்சச் சட்டியைக் கழுவிக் கவிழ்த்து வை, அம்மாளுக்கு எடுக்கிற உடம்பு சுத்தமாக இருக்க வேண்டும். அம்மாள் உன்னை ஒரு குறையும் இல்லாமல் என்னிடம் கொண்டு வந்து சேர்ப்பாள்.

இப்படிக்கு,
உங்கள் இரண்டு பேரையும் பெற்ற அம்மா,
ந. விமலேஸ்வரி