அக்காவிடம் கல் என்று சொன்னேன்

மே 6, செவ்வாய்
காலையிலிருந்து தூறல். ஒன்பதாம் ஆண்டு விடைத்தாள் திருத்துவது பாதிதான் முடிந்தது.

மத்தியானம் வட்டகொடையிலிருந்து அக்கா வந்தாள். ஒரு மாதமாக உடம்பெல்லாம் அரிப்பாம். கை முழுக்க நகக் கீறல். கண் மஞ்சள். ரவிக்கை தோளில் தொங்குகிறது. காய்ச்சல் இல்லை, வலியும் இல்லை.

காமாலை. மகள் நிலாவுக்கு நாலு வயது. எனக்கு அந்த ஒரு யோசனைதான். சாப்பிடும்போது நானே சொன்னேன்: "அக்கா, பிள்ள இருக்கு. ஒனக்குத் தட்டு, கோப்ப எல்லாம் வேறயா வச்சிருக்கேன். தப்பா நெனைக்காத."

"சரி தம்பி. பிள்ளைக்கு வந்துறக் கூடாதுல்ல."

நாத்தனாருக்காக என் மனைவி சுகந்திக்கு வந்த கோபம், கூடப் பிறந்த எனக்கு வரவில்லை. இந்த அக்கா தேயிலைக் கொழுந்து பறித்துத்தான் நான் ஏ.எல். உயர்தரம்வரை படித்தேன்.

மே 9, வெள்ளி
நானுஓயாவில் நாட்டு வைத்தியர். கீழாநெல்லி. உப்பு, புளி, எண்ணெய் கூடாது. சுகந்தி, "பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்க" என்றாள். லீவு இல்லை என்றேன். லீவு இருந்தது.

மே 24, சனி
குறையவில்லை. கூடியிருக்கிறது. என்னிடம் சொல்லக் கூச்சப்பட்டு சுகந்தியிடம் சொன்னாளாம்: சிறுநீர் கடும் தேயிலைச் சாயத்தண்ணி நிறம். மலம் சுண்ணாம்பு மாதிரி வெளுப்பு. எத்தனை நாளாக? வந்த அன்றிலிருந்தே.

பதினைந்து நாள் கீழாநெல்லி கொடுத்திருக்கிறேன்.

மே 29, வியாழன்
நுவரெலியாவில் ஸ்கான். அங்கிருந்து கண்டி. வார்டில் சேர்த்தாயிற்று.

டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, சிங்களத்தில் நிதானமாக விளக்கினார். தாளில் படம் போட்டார். ஈரலில் ஊறும் பித்தம் இரண்டு சின்னக் குழாய்களில் இறங்கி, ஒன்றாகி, குடலுக்குப் போகிறது. சேருமிடத்தில் அடைப்பு. குடலுக்குப் போகாததால் மலம் வெளுப்பு. இரத்தத்தில் கலப்பதால் மஞ்சள், அரிப்பு. அடைத்திருப்பது புற்றுநோய். ஈரலின் இரண்டு பக்கமும் ஏறிவிட்டது. வெட்டி எடுக்க முடியாது. அடைப்புக்குள் சின்னக் குழாய் வைத்து பித்தத்தை வடிக்கலாம். பிறகு மருந்து ஏற்றலாம். குணமாகாது, நாள் கூடலாம்.

நான் கேட்டது: "பிள்ளைக்கு ஒட்டுமா?"

அவர் பேனாவை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "யார் அப்படிச் சொன்னது?"

வாசலில் அக்கா. "என்னவாம் தம்பி?"

"கல்லு அடைச்சிருக்காம்."

"கல்லுன்னா எடுத்துருவாங்கல்ல?"

"எடுத்துருவாங்க."

வீட்டுக்கு வந்ததும் அக்காவின் தனித் தட்டை யாரும் பார்க்காமல் மற்றத் தட்டுகளோடு சேர்த்து வைத்தேன்.

ஜூன் 7, சனி
குழாய் வைத்து நாலு நாள். அரிப்பு போயே போச்சு. அக்கா அசந்து தூங்குகிறாள். கண் வெளுக்கிறது. "அடுத்த மாசம் வேலைக்குப் போயிருவேன்" என்று பக்கத்துக் கட்டில்காரியிடம் சொல்லிக்கொண்டிருக்கிறாள். நானும் சேர்ந்து சிரித்தேன்.

ஜூன் 12, வியாழன்
மழை. கண்டியில் கிளினிக். புதிதாக ஒரு தமிழ் நர்ஸ். ஃபைலைப் பார்த்தபடி, "அம்மா, கேன்சருக்கு மருந்து ஏத்துறதுக்கு யோசிச்சிட்டீங்களா?"

அக்கா என் பக்கம் திரும்பினாள். நான் ஜன்னலைப் பார்த்தேன்.

பஸ் தலவாக்கலை தாண்டிய பிறகுதான் அக்கா பேசினாள்.

"தட்ட மாத்துனப்ப என் மூஞ்சிய பாத்து சொன்னியே. அது முடிஞ்சுது. இது முடியலையா?"

"நீ தாங்கமாட்டேன்னு..."

"நானா? நீயா?"

பக்கத்து சீட்டுக்காரர் கேட்டிருப்பார். அந்த நேரத்திலும் அதைத்தான் நினைத்தேன்.

ஜூன் 13, வெள்ளி
பாடசாலைக்குப் போகவில்லை. அக்கா முன்னால் தரையில் உட்கார்ந்து, நிலாவின் கொப்பியில் டாக்டர் போட்ட படத்தைப் போட்டேன். ஈரல், இரண்டு குழாய், சேருமிடம். எல்லாம் சொன்னேன். ஒட்டாது என்பதையும். மன்னிப்புக் கேட்டேன், பாதியில் நின்றுவிட்டேன். அவள் காத்திருந்தாள், முழுசாகச் சொல்லும்வரை.

"முன்னாடியே காட்டியிருந்தா எடுத்திருப்பாங்களா?"

"உறுதியா தெரியல அக்கா. எடுத்திருக்க முடியாதுன்னு டாக்டர் சொன்னாரு. ஆனா அந்த அரிப்பு நாளெல்லாம் நீ பட்டிருக்க வேண்டியதில்ல."

"எத்தன நாளு இருப்பேன்?"

"அவருக்கே சரியா தெரியல. வருசம் தாண்டுறது கஷ்டம்னாரு."

படத்தில் அந்தச் சேருமிடத்தை விரலால் தொட்டாள். "மருந்து ஏத்திப் பாப்போம். முடியலன்னா நானே நிறுத்தச் சொல்லுவேன். நீ சொல்லக் கூடாது."

ஜூன் 20, வெள்ளி
கண்டி. நல்ல வெயில். முதல் மருந்து. அதே நர்ஸ். என்னைப் பார்த்துத்தான் விளக்க ஆரம்பித்தார்: வாந்தி வரலாம், காய்ச்சல் வந்தால் உடனே கூட்டி வாருங்கள்...

அக்கா குறுக்கிட்டாள். "மிஸ், இது எந் தம்பி. நல்லா படிச்சவன். ஆனா எதுன்னாலும் மொதல்ல எங்கிட்ட சொல்லுங்க."

நர்ஸ் அவள் பக்கம் திரும்பி, முதலிலிருந்து சொல்லத் தொடங்கினார். நான் நாற்காலியைக் கொஞ்சம் பின்னால் தள்ளிக்கொண்டேன்.